அம்புக்குறியின் கருணை

கதிரியல் மாணவர்களுக்குக் கொள்குறி வினா எழுதும் ஆசிரியர்களைப் போல இரக்கமுள்ளவர்கள் வேறு எந்தத் துறையிலும் இருக்க மாட்டார்கள். 15 ஆண்டுகளாக மாணவர்களுக்குப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதும் தேர்வுகளின் வினாத்தாள்கள் என் மேசைக்கும் வருகின்றன. அப்படி வந்த தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி ஒரு மார்பு எக்ஸ்ரே. வலது நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குச் சற்று மேலே, முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு வெளியே ரத்தக்குழாய்களின் சுவடே இல்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கிறது, நியூமோதொராக்ஸ். அந்தக் கோட்டின் மேலேயே தடித்த மஞ்சள் அம்புக்குறி ஒன்று. கீழே, “அம்புக்குறி காட்டுவது எது?” நான்கு விடைகள்.

இந்த அம்புக்குறியைப் போட்டவர் மாணவனின் சுமையில் பெரும்பகுதியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். அந்தக் கோடு விலா எலும்பின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். தோல் மடிப்பு விழுந்தாலும் கிட்டத்தட்ட அதே போலத் தெரியும். நோயாளி படுத்த நிலையில் எடுத்த படமென்றால் காற்று உச்சியில் நிற்காமல் முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் நகர்ந்து, உதரவிதானத்தின் ஓரத்துப் பள்ளத்தை ஆழமாக்கிக் காட்டும். படத்தைப் பெரிதாக்கி, இரண்டு உச்சிகளையும் ஒப்பிட்டு, விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை வேலையையும் ஆசிரியரே முடித்துக் கொடுத்துவிட்டார். மாணவனுக்கு மிச்சம், பெயர் சொல்வது ஒன்றுதான்.

இந்த உதவி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சோதனையே சாட்சி. 2013-இல் டிராஃப்டன் ட்ரூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் நுரையீரல் சி.டி. ஸ்கேன்களைக் கதிரியல் மருத்துவர்கள் 24 பேரிடம் கொடுத்து, அவற்றிலுள்ள சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லாவின் உருவத்தை வைத்திருந்தார்கள். வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா இருந்த இடத்திலேயே பதிந்திருந்ததாகக் கண்ணசைவைப் பதிவு செய்த கருவி காட்டியது. கண் பட்டது, மனம் பிடிக்கவில்லை. ஓர் அம்புக்குறி மட்டும் இருந்திருந்தால் 24 பேரும் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். நம் தேர்வுகளில் மாணவர்கள் அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள் என்றால், அந்தப் பெருமையில் பாதி அம்புக்குறியைச் சேர வேண்டும்.

அடுத்து, இவர்களுடைய சிக்கனம். கதிரியல் கேள்விக்குப் படமே தேவையில்லை என்று நிரூபித்தவர்கள் இவர்கள். “பேரியம் கொடுத்து எடுத்த படத்தில் உணவுக்குழாயின் நுனி பறவை அலகு போலத் தெரிவது எந்த நோயில்?” அகலேசியா. “பூட்ஸ் வடிவ இதயம்?” ஃபாலோ நால்வகைக் குறை. “மூங்கில் போன்ற முதுகெலும்பு?” ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். “கடித்துப்போட்ட ஆப்பிளின் நடுத்தண்டு?” பெருங்குடல் புற்றுநோய். பேரியம் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத மாணவன் நான்கும் சரியாக எழுதி நான்கு மதிப்பெண் வாங்குவான். தாளில் பறவை, பூட்ஸ், மூங்கில், ஆப்பிள் எல்லாம் இருக்கின்றன. நோயாளி ஒருவர் இல்லை.

இந்தப் பயிற்சி எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை ஒரு முதியவர் எனக்குக் காட்டினார். வயது எழுபதை நெருங்கியவர். மூன்று மாதமாகத்தான் விழுங்கச் சிரமம், அதற்குள் உடல் பாதியாக இளைத்துவிட்டது. பேரியம் படத்தில் உணவுக்குழாயின் அடிமுனை கூம்பிக் குறுகியிருந்தது. என் மாணவர் ஒரு கணமும் தயங்காமல் “பறவை அலகு, அகலேசியா” என்று ரிப்போர்ட் எழுதினார். எந்தத் தேர்விலும் அது சரியான விடை. உற்றுப் பார்த்தால் அலகின் ஒரு பக்கம் சற்றே சொரசொரப்பாக, தோள் போலப் புடைத்திருந்தது. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை வாயில் புற்றுநோய் தெரிந்தது. இப்படி அகலேசியா போல வேடம் போடும் புற்றுநோய்க்குப் பாடநூலில் தனிப் பெயரே உண்டு. அந்த மாணவர் படிக்காதவர் இல்லை. கேட்ட கேள்விக்கு மிக நன்றாகப் படித்தவர்.

அதே பொருளை வேறு மாதிரிக் கேட்டிருக்கலாம். 68 வயது, மூன்று மாதமாக விழுங்கச் சிரமம், எடை 10 கிலோ குறைந்திருக்கிறது, இதோ படம், அடுத்து என்ன செய்வீர்கள்? விடைகள்: அகலேசியாவுக்கு நேரே பலூன் சிகிச்சை, எண்டோஸ்கோப்பி பார்த்துத் திசுப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து மறுபடி பேரியம் படம். மூன்றும் போதும். கொள்குறி வினாக்கள் பற்றி 80 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்த மைக்கேல் ரோட்ரிகெஸ், ஒரு கேள்விக்கு மூன்று விடைகளே போதும் என்று 2005-இல் எழுதினார். தவறான விடை ஒவ்வொன்றும், உண்மையான மருத்துவர் உண்மையாகவே செய்யக்கூடிய தவறாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு தவறுகளை யோசித்து எழுத எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆகிறது. நம் ஆசிரியர்கள் ஒரு மாலையில் 50 கேள்வி எழுதிவிடுகிறார்கள். அந்த வேகம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை.

படிக்காமல் வந்தவனையும் அவர்கள் கைவிடுவதில்லை. சரியான விடை பெரும்பாலும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். மறுத்துப் பேச இடம் வைக்கக்கூடாது என்று ஆசிரியர் அதற்கு மட்டும் நிபந்தனைகளைச் சேர்த்துச் சேர்த்து எழுதியிருப்பார். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வரும் விடையைத் தள்ளிவிடலாம். ஆங்கிலத் தாளில் கேள்வி ‘ஆன்’ (an) என்று முடிந்தால், உயிரெழுத்தில் தொடங்கும் விடை ஒன்றே ஒன்று இருக்கும். இரண்டு விடை சரியென்று தெரிந்தால் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பதில் வட்டம் போடலாம். விடுதி அறைகளில் சீனியர்கள் ஜூனியர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இந்த இலக்கணத்தைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்டீவன் டௌனிங் என்பவர் அமெரிக்க மருத்துவ மாணவர்களின் தேர்வுத்தாள்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார். பிழையாக எழுதப்பட்ட கேள்விகளை மட்டும் நீக்கியிருந்தால், தோற்றவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினர் வரை தேறியிருப்பார்கள் என்பது அவருடைய கணக்கு. சூத்திரம் தெரிந்தவனைத் தூக்கிவிடும் அதே கேள்வி, பாடம் தெரிந்த ஒருவனைக் கீழே தள்ளியும் விடுகிறது.

மரபைக் காப்பதிலும் இவர்களுக்கு இணையில்லை. நான் மாணவனாக எழுதிய கேள்வியை, காற்புள்ளிகூட மாறாமல், என் மாணவர்களின் தாளில் பார்த்தேன். அமெரிக்காவில் கதிரியல் மாணவர்கள் தேர்வுக் கேள்விகளை மனப்பாடம் செய்துவந்து அடுத்த அணிக்கு எழுதிவைப்பது 2012-இல் சி.என்.என். செய்தியாகிப் பெரும் சர்ச்சையானது. இங்கே அது ஜெராக்ஸ் கடையில் சுருள் கம்பி போட்டுக் கிடைக்கிறது.

பாடக் கட்டுரைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. கணையப் புற்றுநோயின் ஸ்கேன் பற்றிய ஒரு கட்டுரையை மாணவர்களோடு சேர்ந்து வாசித்தேன். முழுமையில் குறை சொல்ல முடியாது. நோயின் பரவல், ஆபத்துக் காரணங்கள், வகைகள், 20-க்கும் மேற்பட்ட மாற்று நோய்களின் பட்டியல், எவரும் பிழை சொல்ல முடியாத அழகான ஒரே ஒரு படம். ஆனால் அந்த ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் அறுவை மருத்துவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: கட்டி, மேல் மெசென்டெரிக் தமனியைத் தொடுகிறதா, தொட்டால் அதன் சுற்றளவில் 180 டிகிரிக்கு மேல் சூழ்ந்திருக்கிறதா, அதற்குக் குறைவாகவா? நேரே அறுவை மேசைக்குப் போவதா, முதலில் கீமோதெரபியா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில் நிற்கிறது. கட்டுரையில் அந்த வரி இல்லை. மற்றதெல்லாம் இருந்தது.

நல்லது எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மெல்போர்ன் கதிரியல் மருத்துவர் ஃபிராங்க் கெய்லார்ட் 2005-இல் தொடங்கிய ரேடியோபீடியா இணையதளத்தை நம் மாணவர்கள் எல்லோரும் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். அங்கே ஸ்கேனை அடுக்கடுக்காக நகர்த்தித் தேட முடிகிறது. தவறு கண்டால் திருத்த முடிகிறது. தேடும் பழக்கம் கொஞ்சமாவது அவர்களுக்கு வந்திருக்கிறதென்றால் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

இன்று இரவு அவசரப் பிரிவில் பணிக்குப் போகும் என் மாணவிக்கு விடிவதற்குள் ஐம்பது படமாவது வரும். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. ஏதோ ஒன்றில் காறை எலும்புக்கு மேலே முடி கனத்தில் ஒரு கோடு இருக்கலாம். அதில் அம்புக்குறி இருக்காது. கீழே நான்கு விடைகளும் இருக்காது.

அடுத்த தாளை எழுத உட்காரும் ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். எழுதி முடித்ததும் விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, படத்தையும் நோயாளியின் விவரத்தையும் மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறதா என்று சோதியுங்கள். நோய் ஒன்றும் இல்லாத படங்களையும் இடையிடையே வையுங்கள். அம்புக்குறியை எடுத்துவிடுங்கள்.