விலை கேட்டாலே காசு

"விலை கேட்கிறதுக்குக் காசா, பணமா?" ராஜபாளையம் கடைத்தெருவில் இதைக் காதில் வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். கேட்கலாம், குறைத்துக் கேட்கலாம், "போயிட்டு வர்றேன் அண்ணாச்சி" என்று நடையைக் கட்டலாம். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே கடைக்குப் போனால் "வாங்க" என்றுதான் சொல்வார்.

இணைய ஏலத் தளங்களில் இப்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஈபே போன்ற தளத்தில் ஒரு பொருளைப் பார்த்து "இந்த விலைக்குத் தருவீர்களா" என்று கேட்க வேண்டுமானால், முதலில் கார்டையும் முகவரியையும் கொடுத்துவிட வேண்டும். விற்பவர் சம்மதித்தால் பணம் தானாக எடுக்கப்பட்டுவிடும். "எடுக்கட்டுமா" என்று நம்மிடம் மறுபடி கேட்பதில்லை. விலை கேட்டபோதே நாம் சம்மதித்துவிட்டதாகக் கணக்கு.

சிறு வயதிலிருந்து தபால்தலை சேர்க்கிறவன் நான். இந்த விதியைப் பற்றி எங்கள் சேகரிப்பாளர் வட்டத்தில் நிறையப் புலம்பல் உண்டு. "பேரம் செத்துப்போச்சு" என்கிறார்கள். அந்த வருத்தத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல, நம் ஊரில் பேரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். சப்பட்டை எத்தனை மரம், பஞ்சவர்ணம் எத்தனை மரம் என்று வியாபாரி தோப்பைச் சுற்றி வருவார். பூவைப் பார்த்து ஒரு விலை, பிஞ்சைப் பார்த்து ஒரு விலை. மாட்டுச் சந்தையில் இன்னும் நுட்பம். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தால் வேறு தொகை. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பார்கள். ஒத்து வராவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகலாம். ஒத்து வந்துவிட்டால் அந்த இடத்திலேயே அச்சாரம் கை மாறும். அச்சாரம் வாங்கியவர் மாட்டை வேறு ஆளுக்குக் காட்டக் கூடாது. கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆக, அன்றும் பேச்சுக்குப் பின்னால் பணம் இருந்தது. முழுப் பணமும் இல்லை, பேச்சைக் காப்பாற்றும் அளவுக்கு. அதுவும் பல்லையும் சுழியையும் பார்த்த பிறகு.

பொது ஏலத்தில் இன்னும் கண்டிப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற கோயில் ஊர்களில் கடைக் குத்தகை, தென்னை மகசூல், வாகன நிறுத்தம் என்று ஏல அறிவிப்பு ஒட்டுவார்கள். டேவணித் தொகை கட்டினவர் மட்டும்தான் ஏலம் கேட்கலாம். கூட்டத்தில் நின்று வேடிக்கையாக விலையை ஏற்றிவிட்டு நழுவ முடியாது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" முடிந்ததும், கிடைக்காதவர்களுக்கு டேவணி திரும்பி வரும். ஏலம் எடுத்தவர் மீதியைக் கட்டாவிட்டால் டேவணி போய்விடும், மறு ஏலம் வைப்பார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலத்தில் ஒவ்வொரு வியாபாரியும் தன் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். பக்கத்து ஆள் என்ன எழுதினார் என்று தெரியாது. பஞ்சைக் கையால் பிய்த்து, இழையை இழுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுவார்.

தபால்தலை உலகத்தில் வேறு வழி இருந்தது. எனக்குப் பழக்கமான முதல் ஏற்பாடு, பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி. இந்தியாவில் அது 1877-லேயே வந்துவிட்டது, மணியார்டர் 1880-ல். சென்னை, பம்பாய் வியாபாரிகள் விலைப்பட்டியல் அனுப்புவார்கள். அதில் குறித்து ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும். கொஞ்ச நாளில் தபால்காரர் வாசலில் நின்று, "தம்பி, வி.பி. வந்திருக்கு, அம்மாகிட்ட காசு வாங்கிட்டு வா" என்பார். காசைக் கொடுத்தால் பார்சல் நம் கையில். அம்மா "இப்ப வேணாம், திருப்பி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டால், பார்சல் வந்த வழியே போகும். போகவர ஆன தபால் செலவு வியாபாரி தலையில். அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. எங்கோ ஒருவர் நம் அஞ்சலட்டையை நம்பி, பொருளைக் கட்டி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்பது பின்னால்தான் உறைத்தது.

தானாகப் பணம் பிடிக்கும் முறையும் எங்களுக்குப் புதிதில்லை. அஞ்சல் துறையில் சேகரிப்பாளர்களுக்கென்று வைப்புக் கணக்கு உண்டு. குறைந்தது 200 ரூபாய் கட்டிவிட்டால், புதிய தபால்தலை வெளியாகும்போதெல்லாம் அதிலிருந்து கழித்துக்கொண்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். 2005 ஜனவரி 9 அன்று இந்திய நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளிவந்தன. இமாலய ஆட்டு நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் நாய், நான்காவதாக எங்கள் ராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக எங்கள் தெருக்களில் திரிந்த நாய் தபால்தலையில் ஏறியது எங்கள் ஊருக்குப் பெரிய விஷயம். அப்படிப்பட்ட தபால்தலைக்குக் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழிந்தபோது யாரும் "பேரம் செத்தது" என்று சொல்லவில்லை. காரணம் எளிது. அச்சிட்ட விலை அதிலேயே இருக்கிறது, பேசுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய தபால்தலைக்கு அப்படி நிலையான விலை கிடையாது. பசை எப்படி, ஓரத்துத் துளைப்பல் முழுதாக இருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டி எடுத்த தடம் பின்பக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றும் விலையை ஏற்றும், இறக்கும். அதைச் சாமணத்தில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்வது எங்களுக்கு வராது.

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம் பின்னாளில் ஈபே ஆனது. இந்தியாவில் நடந்துகொண்டிருந்த பாஸீ தளத்தை அது 2004-ல் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ராஜபாளையத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து ஏலம் பார்த்த காலம் அது. அந்த இந்தியத் தளத்தில் 'பைசாபே' என்றொரு ஏற்பாடு இருந்தது. வாங்குபவர் கட்டும் பணம் நடுவில் நிற்கும். பொருள் வந்து சேர்ந்த பிறகு விற்றவருக்குப் போகும். வி.பி.பி.யின் நியாயம் அதில் மிச்சமிருந்தது. 2018 ஆகஸ்ட் 14-ல் அந்தத் தளம் மூடப்பட்டது. அதன் பிறகு எங்களைப் போன்றவர்கள் வெளிநாட்டுத் தளங்களுக்கே போக வேண்டியதாயிற்று.

நானும் கொஞ்ச காலம் ஒரு தளத்தில் விற்றிருக்கிறேன். இரட்டைப்படியாக இருந்த தபால்தலைகள், முதல் நாள் உறைகள். பொருள் ஏலம் போனதும் மனம் பூரித்துப்போகும். அட்டை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் வைத்து, நனையாமல் கட்டி, முகவரி எழுதக் காத்திருப்பேன். பணம் வராது. செய்தி அனுப்பினால் பதில் வராது. ஒருவர் "சும்மா அமுத்திப் பார்த்தேன் சார்" என்றே எழுதினார். இரண்டாவதாக நின்றவர் அதற்குள் வேறிடத்தில் வாங்கிவிட்டிருப்பார். பொருளை மறுபடி ஏலத்துக்கு வைத்தால், "ஏற்கெனவே விற்காமல் வந்ததுதானே" என்று பழைய விலை கூடக் கிடைக்காது. இன்றும் பணம் வராத விற்பனையை ரத்துசெய்ய, ஈபேயில் விற்பவர் நான்கு நாள் காத்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து சில்லறையாக விற்கும் ஒருவருக்கு அந்த நான்கு நாள் பெரிது. பாட்டன் சேர்த்த ஆல்பத்தை மருத்துவச் செலவுக்காக விற்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஆகவே தானாகப் பணம் எடுக்கும் விதி வந்தது சரியென்றே சொல்வேன். வாயால் விலை சொல்லிவிட்டு மறைந்துபோகிறவர்களிடமிருந்து விற்பவரைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. டேவணி கட்டாதவர் ஏலம் கேட்கக் கூடாது என்பது நம் ஊர்ச் சட்டமும்தான்.

ஆனால் டேவணி கொஞ்சம், இது முழுத்தொகை. என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது. ராஜபாளையத்தில் நாம் இரவு சாப்பிட்டு முடித்து ஒரு விலை கேட்டுவிட்டுப் படுக்கிறோம். அமெரிக்காவில் அது பகல். அங்கிருக்கும் விற்பவர் சம்மதிக்கும்போது நாம் தூக்கத்தில் இருப்போம். காலையில் போனை எடுத்தால் வங்கியின் குறுஞ்செய்தி நிற்கிறது. முன்பெல்லாம் ஒரே தபால்தலைக்கு மூன்று பேரிடம் விலை கேட்டு, நல்லதை எடுப்போம். இப்போது மூன்று பேரும் "சரி" என்றால் மூன்றும் வந்து சேரும், மூன்றுக்கும் பணம் போயிருக்கும். ஒருவரிடம் கேட்டால் அவர் பதில் வரும்வரை, அல்லது கேட்ட விலை காலாவதியாகும்வரை, கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் இதில் எச்சரிக்கையாக நடந்திருக்கிறது. இணையத்தில் கார்டு பயன்படுத்தினால் இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-லேயே சொல்லிவிட்டது. ஓ.டி.பி. கேட்டு நம்மை எரிச்சலூட்டுகிற அந்த ஒரு நிமிடம், கை நழுவாமல் காக்கிற நிமிடம். தானியங்கிப் பிடித்தத்துக்கும் 2021 அக்டோபர் முதல் முன்னறிவிப்பு, முன் ஒப்புதல் எல்லாம் கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இந்தக் காவல் இருப்பதில்லை.

இதைவிட நல்ல வழியும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பதும் ஒருவகையில் விலை கேட்பதுதான். ஒரு காலத்தில் விண்ணப்பத்தோடு காசோலையை இணைத்துக் கொடுத்துவிட்டு, பங்கும் கிடைக்காமல் பணமும் திரும்பாமல் வாரக்கணக்கில் தபாலை எதிர்பார்த்திருந்த குடும்பங்கள் மில் ஊரான ராஜபாளையத்துக்குப் புதிதல்ல. 2008-ல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 'அஸ்பா' முறையைக் கொண்டுவந்தது, 2016 ஜனவரி முதல் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. பணம் நம் கணக்கிலேயே இருக்கும், நகராமல் நிறுத்திவைப்பார்கள், சேமிப்புக் கணக்கானால் வட்டியும் உண்டு. பங்கு ஒதுக்கினால் மட்டும் போகும், இல்லையென்றால் விடுவித்துவிடுவார்கள். 2019 முதல் சிறு முதலீட்டாளர்கள் யு.பி.ஐ. வழியாகவே இதைச் செய்கிறார்கள். விற்பவருக்கும் உறுதி, கேட்பவர் பணத்துக்கும் பாதுகாப்பு. இணைய ஏலத் தளங்கள் இதைப் பின்பற்றலாம். விலை கேட்கும்போது தொகையை நிறுத்திவைக்கட்டும். விற்பவர் சம்மதித்ததும் வாங்குபவருக்குச் செய்தி அனுப்பி, சில மணி நேரம் பொறுத்து எடுக்கட்டும். அந்த நேரத்துக்குள் பின்வாங்கினால் ஒரு பங்கை அச்சாரமாகப் பிடித்து விற்பவருக்குக் கொடுக்கட்டும்.

அதுவரை, புதிதாகச் சேகரிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைப் பெரிதாக்கி முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள். பின்பக்கப் படம் இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள். தபால் கட்டணம், அந்நியச் செலாவணிக்கு வங்கி பிடிக்கும் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துக் கூட்டுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வாங்கும் நாளில் மட்டும் வங்கிச் செயலியில் திறந்து, உச்சவரம்பு வைத்து, பிறகு மூடிவிடுங்கள். ஒரே நேரத்தில் ஒரே ஒருவரிடம் விலை கேளுங்கள். கேட்ட விலைக்குக் கிடைத்துவிட்டால் மனம் மாறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஒருவர் அதை நம்பி அட்டை வெட்டிக்கொண்டிருப்பார்.