மாதிரி ரயில் கண்காட்சி: ஒரு திணை ஆராய்ச்சி

ஐந்திணை வகுத்த பெரியோர் மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் இலக்கணம் சொன்னார்கள். இங்கிலாந்தின் சிறு நகரமொன்றில், மழை பெய்யும் சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நடக்கும் மாதிரி ரயில் கண்காட்சிக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் குறையில்லை, அப்போது தண்டவாளம் கிடையாது. ஆனால் லண்டனில் மாடல் ரயில்வே கிளப் தொடங்கியது 1910இல். அதன்பிறகு நூறாண்டுக்கு மேலாகியும் நம் புலவர் பெருமக்கள் வாளாவிருந்ததை மன்னிப்பதற்கில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் கருவிகள்: குடை, மூக்குக் கண்ணாடி, சில்லறைக் காசு. ஆய்வுமுறை: கட்டணம் கொடுத்து, புறங்கையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டு, கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தல். இனி நூலுக்குள் புகுவோம்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். இங்கே நிலம் என்பது பிளைவுட். பலகைகளை போல்ட் போட்டுச் சேர்த்து, நெஞ்சுயரத்துக்குக் கால் கொடுத்து நிறுத்தி, மேலே ஒரு கிராமம், ஒரு ஸ்டேஷன், ஒரு குன்று, குன்றைக் குடைந்து ஒரு சுரங்கம். இந்த மொத்த அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர். வெள்ளிக்கிழமை மாலை வேனில் வந்திறங்கும். ஞாயிறு மாலை கழற்றி ஏற்றப்படும். நதியும் மாதாகோவிலும் பெட்ரோல் பங்கும் ஒரே வேனுக்குள் அடங்கிவிடுகிற நிலத்தைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்நாட்டில் பெரும்பாலோர் கைக்கொள்ளும் அளவு ‘ஓஓ’. நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே 4 மில்லிமீட்டர். அதாவது 76இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ஒரு மைல் என்பது 21 மீட்டர். கூடத்தின் நீளமே பல இடங்களில் அவ்வளவு இராது. ஆகையால் அடுத்தடுத்த ஸ்டேஷன்கள் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைநீட்டும் தூரத்தில் இருக்கின்றன. மணிக்கு 60 மைல் வேக எக்ஸ்பிரஸ் இங்கே நொடிக்கு 35 சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். ஆறடி மனிதர் 24 மில்லிமீட்டர். லேஅவுட்டின் விளிம்பில் யாரோ வைத்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பை ஏறக்குறைய 7 மீட்டர் உயரம். இரண்டு மாடி வீடு. கிராமத்தார் எவரும் அதைக் கண்டு வியந்ததாகத் தெரியவில்லை. ஒட்டுப்பசை போட்டு நிறுத்தியிருப்பதால் திரும்பிப் பார்க்க வழியில்லை.

இந்நிலத்தில் ஒரு பெருங்குற்றம் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்வது ஆய்வாளர் கடமை. நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். 4 மில்லிமீட்டர் கணக்கில் 18.83 மில்லிமீட்டர் வரவேண்டும். ஓஓ தண்டவாளமோ 16.5 தான். பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உருவத்தில் சிறியவை. ஐரோப்பியர் கைக்கொண்ட 87இல் ஒரு பங்கு அளவில் அவற்றைச் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. மோட்டாரைச் சிறிதாக்க முடியாதவர்கள் எஞ்சினைப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே வண்டி ஓர் அளவு, அதன் காலடி வேறோர் அளவு. ஏழங்குலம் ஒடுங்கிய பாதையில் பிரிட்டிஷ் ரயில்வே முழுவதும் இன்றுவரை மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பொறுக்காதவர் தனித்தனியே பிரிந்து போனார்கள். சிலர் 18.2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டார்கள். வேறு சிலர் 18.83 அன்றி வேறு வீடுபேறு இல்லை என்று, தண்டவாளத்தையும் சக்கரங்களையும் தம் கையாலேயே செய்துகொள்கிறார்கள். வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வேறுபாட்டைப் போலவே இதுவும் வெளியாருக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருப்போருக்கு அதுவே எல்லாம். மொத்தச் சண்டையும் 2.33 மில்லிமீட்டர். கயிற்றுக்கு இப்பால் நிற்கும் நமக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. ஆனால் “இது 16.5 தானே?” என்று மட்டும் தவறான லேஅவுட்டின் முன் நின்று கேட்டுவிடக் கூடாது.

அடுத்து, பொழுது. வெளியே மழை, உள்ளே, பலகைமேல், எப்போதும் கோடை நண்பகல். மரங்கள் இலை தழைத்து நிற்கும். பொம்மை மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பர். ஆண்டு எது என்று பார்த்தால், சற்று முன்பின்னாக, 1950களின் பிற்பகுதி. பத்து லேஅவுட் இருந்தால் அதில் கணிசமானவை இந்தக் காலத்தில்தான் உறைந்து நிற்கின்றன. இது தற்செயல் அன்று. 1963 மார்ச்சில் டாக்டர் பீச்சிங் என்பவர் பிரிட்டிஷ் ரயில்வேயைச் சீரமைக்க ஓர் அறிக்கை கொடுத்தார். 2,363 ஸ்டேஷன்களையும் ஏறக்குறைய 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது அது. எல்லாமே மூடப்படவில்லை என்றாலும் பெரும்பகுதி போயிற்று. போனவற்றில் மிகுதியும் கிளைப் பாதைகள்: ஒற்றைத் தண்டவாளம், இரண்டே பெட்டி, பால் கேன்கள், ஸ்டேஷன் மாஸ்டரின் பூந்தோட்டம். 1968 ஆகஸ்டில் பொதுப் பாதைகளில் நீராவி எஞ்சினும் முடிவுக்கு வந்தது. அரசாங்கம் கழித்துக்கட்டியதைப் பாத்திரக்கடை வைத்திருந்தவரும் பள்ளி ஆசிரியரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மேனும் தத்தம் வீட்டுக் கார் ஷெட்டில் மீண்டும் போட்டார்கள், 76இல் ஒரு பங்காக. கண்காட்சி நடக்கும் ஊர்கள் பலவற்றுக்கு இன்று ரயில் கிடையாது. பக்கத்து ஊர் ஸ்டேஷனில் இறங்கி, கண்காட்சிக்காரர் ஏற்பாடு செய்த பழைய பஸ்ஸில் ஏறித்தான் ரயில் பார்க்கப் போகவேண்டும்.

அற்றேல், இது வெறும் பழம்பெருமை பேசுதல் ஆகாதோ எனின், ஆகாது. பழம்பெருமை பேசுவோர் வாயால் பேசுவர். இவர்கள் சாலிடரிங் செய்கிறார்கள்.

இனிக் கருப்பொருள். தெய்வம் முதலாக வைப்பது மரபு. இத்திணையின் தெய்வம் கை. அது வானத்திலிருந்து வரும்; அளவுப்படி பதினாலரை மீட்டர் நீளம்; எஞ்சின் நின்றுவிட்ட இடத்தில் ஒரு விரலால் தொடும்; எஞ்சின் நகரும்; கை மறையும். இத்தெய்வம் தோன்றுவதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. நீளம் 76 மடங்கு குறைந்தால் எடை ஏறக்குறைய 4.4 லட்சம் மடங்கு குறைய வேண்டும். 100 டன் எஞ்சின் முறைப்படி 226 கிராம்தான் இருக்கலாம். நிஜ எஞ்சின் தன் எடையின் உந்துதலிலேயே எதையும் மிதித்துக்கொண்டு போய்விடும். இதுவோ தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக 12 வோல்ட்டை உறிஞ்சி ஓடுவது. ஒரு தூசு குறுக்கிட்டால் மின்சாரம் அறும், ஓடி வந்த வேகமும் கைகொடுக்காது. ஆதலால் தெய்வம் நாள் முழுவதும் ஓய்வின்றி உழைக்கிறது.

தெய்வத்தைச் சொன்னபின் அர்ச்சகரையும் சொல்லவேண்டும் அல்லவா? இத்துறையின் முன்னோரில் இருவர் உண்மையிலேயே பாதிரியார்கள். தாமஸ் என்ற நீலநிற எஞ்சினின் கதைகளை எழுதிய ஆட்ரி அவர்களுள் ஒருவர். தம் மாதிரி ரயிலைத் தூக்கிக்கொண்டு கண்காட்சிகளுக்குப் போனவர். மற்றவர் பீட்டர் டென்னி. பக்கிங்ஹாம் என்ற கற்பனை ஸ்டேஷனைப் பல பத்தாண்டுகள் கட்டிக்கொண்டேயிருந்தவர். மறுமுனையில் இருந்து ரயில் அனுப்ப மகன் கிரிஸ்பின் இல்லாத நேரங்களுக்காக, அவன் செய்யும் வேலையைச் செய்ய ஓர் இயந்திரமே அமைத்து, அதற்கு ‘ஆட்டோமேட்டிக் கிரிஸ்பின்’ என்று பெயரும் சூட்டினார். பிள்ளை பக்கத்தில் இல்லாததற்குத் தகப்பன்மார் பலவகையாக மனத்தைத் தேற்றிக்கொள்வதுண்டு. இவ்வளவு செயல்பாட்டோடு தேற்றிக்கொண்டவர் அரிது.

விலங்கு: ஆடு, மாடு. பறவை: துறைமுக லேஅவுட்டில் மட்டும், கூரைமேல் ஒட்டிய கடற்காகம். உணவு: பேக்கன் ரோல், ஸ்பஞ்ச் கேக், தேநீர், மூன்றும் கிளப் உறுப்பினர்களின் குடும்பத்தார் அடுக்களை ஜன்னல் வழியாக விற்பது. பறை: எஞ்சினுக்குள் பொருத்திய ஸ்பீக்கர் சில்லு. முன்பெல்லாம் ரயில் சத்தமின்றி ஓடியது; இப்போது ஒவ்வொன்றும் விசிலடிக்கிறது, நின்ற இடத்தில் நின்றுகொண்டே மூச்சுவிடுகிறது. நாலு லேஅவுட் ஒன்றாக மூச்சுவிடும் கூடத்தில் அரை மணி நேரம் நின்றால் தலை வலிக்கும். இவையன்றி, பாலம் ஒன்று இருந்தால் அதன்மேல் ஒரு பஸ் நிற்கும், மாதாகோவில் இருந்தால் வாசலில் ஒரு கல்யாணம் நடக்கும். கிராமத்தில் முகூர்த்தம் அல்லாத நாளே கிடையாது.

தொழில் என்று எடுத்தால் ஷண்டிங், அதாவது வேகன்களைத் தடம் மாற்றிக் கோத்தல். இதன் சிகரம் ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்னும் சிறு லேஅவுட். ஆலன் ரைட் என்பவர் உண்டாக்கியது. மூன்றே தடம்: ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன்களில் ஐந்தைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் கோத்து நிறுத்தவேண்டும். வரக்கூடிய வரிசைகள் 6,720. ஒருவர் நாள் முழுக்க இதைச் செய்துகொண்டிருந்தார். கோத்து முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடி சீட்டெடுத்தார். இந்தப் பலகையில் ரயில் எங்கிருந்தும் வருவதில்லை, எங்கும் போவதுமில்லை. கண்காட்சியிலேயே கூட்டம் கலையாமல் நின்றது இதன் முன்னால்தான்.

இப்போது தலையாய வினாவுக்கு வருகிறோம்: இதன் உரிப்பொருள் யாது? ஐந்தையும் எடுத்துப் பார்த்தலே நேர்மை.

குறிஞ்சி என்பார் உளர். வேகனும் வேகனும் கொக்கி மாட்டிக்கொள்வது புணர்தல் அன்றி வேறென்ன என்பது அவர் வாதம். ஆனால் மூன்றில் ஒருமுறை கொக்கி மாட்டுவதில்லை. அடுத்த நிமிடமே, மேட்டில் ஏறும்போது, எஞ்சின் மட்டும் போகும், பெட்டிகள் பின்தங்கும். அப்படியானால் பிரிவுக்குரிய பாலை. எஞ்சினை ஓட்டியவர் அதை அறியாமல் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, அறிந்த சிறுவன் கயிற்றுக்கு இப்பாலிருந்து கத்துவான். மருதத்துக்கும் சான்று இல்லாமல் இல்லை. ஒரே கிளப்பைச் சேர்ந்த இருவர், 11 மணிக்குப் போகவேண்டிய சரக்கு வண்டி யாரால் தாமதமாயிற்று என்பதில் முகம் திருப்பிக்கொண்டு மதியச் சாப்பாட்டு வேளைவரை பேசாதிருந்தனர். பழைய சாமான் கடையில் வாங்கிய எஞ்சினைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு வீடு திரும்புவோரின் ஊடல் தனி. அது ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

இரங்கலுக்குரிய நெய்தலை மட்டும் சிரித்துக்கொண்டு கடக்க முடியாது. 2019 மே மாதம் லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்டில், மார்க்கெட் டீப்பிங் கிளப் நடத்தவிருந்த கண்காட்சிக்காகப் பள்ளிக்கூடமொன்றில் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. விடிந்தால் கண்காட்சி. இரவில் இளைஞர் சிலர் உள்ளே புகுந்து அடித்து நொறுக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் செய்தவை தரையில் கிடந்தன. கிளப் கேட்டது 500 பவுண்டு உதவி. வந்து சேர்ந்தது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார். இவ்வளவு பெரிய பாடகர் எதற்குக் கொடுத்தார் என்று வியந்தவர்களுக்கு அவ்வாண்டின் பிற்பகுதியில் விடை கிடைத்தது. இருபதாண்டுக்கு மேலாக அவரும் வீட்டில் ஓர் அமெரிக்க நகரத்தை 87இல் ஒரு பங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். அதன் படங்கள் ‘ரயில்வே மாடலர்’ இதழில் வந்தன. கச்சேரிக்குப் போன ஊர்களின் ஹோட்டல் அறையிலும் வேலை நடந்திருக்கிறது.

இத்தனையும் இருந்தும் முடிபு முல்லையே. உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். ஏன் எனின், இங்கே யாரும் ரயில் பார்ப்பதில்லை. ரயில் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். சிறப்பான லேஅவுட் எதுவும் ஓயாமல் வட்டமடிக்காது. பலகையின் ஒரு முனையில், வானம் தீட்டிய அட்டைக்குப் பின்னால், ஃபிடில் யார்டு என்ற மறைவிடம் இருக்கும். வண்டிகள் அங்கே நின்று, அட்டவணைப்படி ஒவ்வொன்றாக மேடையேறும். சிரில் ஃப்ரீசர் 1957இல் வெளியிட்ட ‘மினரீஸ்’ என்ற சிறிய ஸ்டேஷன் வரைபடத்தை இன்றும் பின்பற்றுகிறார்களே, அதிலும் பாதி ரயில்வே திரைக்குப் பின்னால்தான். மணி அடிக்கும். சிக்னல் இறங்கும். பத்து பேர் கழுத்தை நீட்டுவர். ஒன்றும் வராது. “எப்ப வரும்ப்பா?” என்று கேட்கும் குழந்தையிடம் தகப்பன், “வரும், வரும்” என்பான். நிஜ ஸ்டேஷனில் இதே ஐந்து நிமிடத்துக்குப் புகார் எழுதும் மனிதன் இங்கே காசு கொடுத்து நிற்கிறான். வந்தது என்னவென்று பார்த்தால், ஓர் எஞ்சின், இரண்டு பெட்டி. எல்லார் முகத்திலும் நிறைவு.

துணைச் சான்றுகளும் பொருந்துகின்றன. முல்லை மாந்தர் மேய்ப்பன ஆடும் மாடும், பலகையெங்கும் அவையே. பெரும்பொழுது கார்காலம்; வெளியே மழை விட்டபாடில்லை. பலகைமேல் கோடை அல்லவோ என்று தடை எழுப்புவார்க்கு விடை: கோடையில் இருப்பவர் பொம்மைகள், காரில் இருப்பவர் மாந்தர், திணை மாந்தர்க்கே உரியது என்க. சிறுபொழுது மாலை மட்டும் பொருந்தவில்லை. நாலரை மணிக்கெல்லாம் கூடத்தைப் பூட்டிவிடுகிறார்கள்.

இத்திணையைக் களத்தில் சரிபார்க்க விரும்புவோர்க்குச் சில சொல். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் சீட்டு விற்கும் அம்மையார் விடமாட்டார். இன்னும் வேகமாக ஓட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நீங்கள் ஒருமுறை திரும்பினால் 1957ஆம் ஆண்டின் ஒரு கிராமம் மாதாகோவிலோடும் மணமக்களோடும் தரைக்கு வந்துவிடும்.