ஆண்டவர் சித்தமும் பெகுக் கப்பலும்

"தோணி எப்ப வரும்?" "ஆண்டவர் சித்தம்."

"பெடியனுக்கு விசா கிடைக்குமோ?" "ஆண்டவர் சித்தம்."

மன்னாரில் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்காத கேள்வி இல்லை. இவ்வளவு லேசாக வாயில் வருவதை மனதுக்குள் இறக்க, புனித சவேரியாரே படாத பாடு பட்டார்.

1544ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறைப் பரவருக்குக் கை ஓயுமட்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார் சவேரியார். மன்னார்ச் சனம் "எங்களுக்கும் தாங்கோ சாமி" என்று ஆள் அனுப்பியது. சாமிக்கு நேரமில்லை, வேறொரு குருவை அனுப்பினார். யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் கணக்கு வேறு. இன்றைக்குத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொள்பவன் நாளைக்குப் பறங்கியின் குடிமகன். படையோடு வந்தான். அறுநூறு, எழுநூறு பேர் வெட்டுண்டார்கள். அவர்களைத் தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளாக நினைந்து மன்றாடுகிறார்கள். அந்த இடத்தில் பகிடி விட எனக்கு வாய் வராது.

பகிடி அதற்குப் பிறகுதான்.

சவேரியார் கப்பலேறிப் போய்ப் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசாவைப் பிடித்தார். ஆளுநரும் கொதித்தெழுந்து, நாகப்பட்டினத்தில் கடற்படை திரளட்டும், சங்கிலியைத் தண்டிக்கட்டும் என்று கட்டளையிட்டார். சுவிசேஷம் மறுகன்னத்தைக் காட்டச் சொல்கிறது. சாமி பீரங்கியைக் காட்டப் புறப்பட்டார்.

1545இல் நாகப்பட்டினத்தில் அவர் காத்திருக்க, படை வரவில்லை, செய்தி வந்தது. பர்மாவின் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிவிட்டதாம். சரக்கெல்லாம் சங்கிலி கையில். இப்போது போய்ச் சண்டை பிடித்தால் சாமான் திரும்பி வருமா? முதலில் சரக்கு, நீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள் கனவான்கள். தராசின் ஒரு தட்டில் மன்னார்ப் பிணங்கள், மறுதட்டில் பெகு மூட்டைகள், மூட்டைத்தட்டுத்தான் தாழ்ந்தது. படையெடுப்பு அப்படியே கிடப்பில் போனது.

சரி, வந்த வழியே திரும்புவோமென்றால் காற்றும் எதிர்க்காற்று. ஆளுநரை நம்பியாயிற்று, கப்பலை நம்பியாயிற்று, இனி நம்ப ஒருவர்தான் பாக்கி. மயிலாப்பூர் போய்த் தோமையார் கல்லறையில் விழுந்து, "நான் எங்கே போக?" என்று கேட்டார். கிழக்கே மக்காசருக்குப் போ என்று உள்மனதில் பட்டது. புறப்பட்டு மலாக்கா சேர்ந்தார். மக்காசரைக் கடைசிவரை கண்ணால் காணவில்லை. அம்போன் தீவுக்குப் போனார். 1549இல் ஜப்பானில் இறங்கினார். இவ்வளவும் அவர் போட்ட எந்தத் திட்டத்திலும் இல்லை. சரணாகதியென்பது புனிதருக்கும் முதல் யோசனையாக வரவில்லை. மற்ற யோசனையெல்லாம் தீர்ந்தபிறகே வந்தது.

போர்த்துக்கேயர் 1560இல் வந்தே வந்தார்கள், மன்னாரைப் பிடித்துக் கோட்டையும் கட்டினார்கள். வேதத்துக்காகத்தான் வந்தார்கள். பக்கத்துக் கடலில் முத்து விளைந்தது தற்செயல். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பறித்து, கத்தோலிக்கக் குருமாரையும் விரட்டினார்கள்.

படையும் கோட்டையும் கைவிட்ட இடத்துக்கு 1687இல் ஒரு கூலியாள் வந்தார். கோவாவிலிருந்து வேடமிட்டு வந்த யோசப் வாஸ் அடிகள். யாழ்ப்பாணம் போகத் தூத்துக்குடியில் ஏறியவரைக் காற்று அலைக்கழித்து மன்னாரில் தள்ளியது. கையில் காசில்லை, வயிற்றில் சீதபேதி மட்டும் தாராளம். யாழ்ப்பாணத்தில் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த முகம் மலர்கிறதோ அது கத்தோலிக்க வீடு. அந்தப் பிச்சைக்காரரால்தான் இலங்கைத் திருச்சபை பிழைத்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்றே மடுவுக்கும் வந்துபோனார்.

ஆகவே, ஆண்டவரின் திட்டம் தனக்குத் தெரியும் என்று யாராவது படை திரட்டி வந்தால், மன்னார்க்காரர் மரியாதையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கப்பலில என்ன சரக்கு, ஐயா?"