ரவுட்டர் அண்ணன்

விழிஞ்ஞத்தில் யாராவது வீட்டு நெட் கனெக்‌ஷனை மாற்றப் போகிறார்கள் என்றால் அந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்வது ஒருவர் காதுக்குத்தான். மறுநாள் காலையில் கேட் கிறீச்சிடும். முண்டு மடித்துக் கட்டி, சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு அவர் நிற்பார். சுகமா என்று கேட்க மாட்டார். "பழைய ரவுட்டர் எங்க? எத்தன ஆன்டெனா?" என்பார்.

மலையாளிக்கும் தமிழனுக்கும் அவர் ரவுட்டர் அண்ணன். தியேட்டர் ஜங்ஷனில் ஒருவர், முக்கோலையில் ஒருவர், முல்லூர்ப் பக்கம் ஒருவர் என்று ரெசிடன்ஸ் அசோசியேஷனுக்கு ஒருவராவது தேறுவார். இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஓர் அண்ணன் வைத்துக் கொடுத்ததை இன்னோர் அண்ணன் பார்க்க நேர்ந்தால், "இத யாரு வெச்சது?" என்று கேட்டு உச் கொட்டுவார். வீட்டுக்காரருக்கு அந்த உச் போதும். அன்று ராத்திரி நெட் மெதுவாக ஓடுவதுபோலவே இருக்கும்.

அண்ணன் பெரும்பாலும் வளைகுடா ரிட்டர்ன். ஷார்ஜாவிலோ மஸ்கட்டிலோ ஏதோ ஸ்டோரில் கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது தொழில் தொடங்கியது. அன்றைக்கு இணையம் டெலிபோன் கம்பியில் வரும். கூடவே யூடிஸ்டார்காம் என்று எழுதிய ஒரு சின்ன மோடம் வரும். "டி.எஸ்.எல். லைட் நின்னு எரிஞ்சா நெட் உண்டு. மினுங்கினா இல்ல" என்று தெருவுக்கு முதலில் சொன்னவர் அண்ணன்தான். அந்த ஒரு வாக்கியத்தின் புகழில் பல வருஷம் ஓட்டிவிட்டார். மோடம் போய் ஃபைபர் வந்தது, கேபிள் டி.வி.க்காரர்களே கேரளா விஷன் என்று பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தார்கள், 2023 ஜூனில் அரசாங்கத்தின் கே-ஃபோன் இணையமும் வந்தது. அண்ணன் மாறவில்லை.

அவர் ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை எளியது. ஆன்டெனாவை எண்ணுவார். இரண்டு என்றால் முகம் சுளிப்பார். நான்கு என்றால், "கொள்ளாம்." ஆறு என்றால் இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மல்லாந்து கிடக்கும் நண்டு மாதிரி இருக்கும் அதைப் பார்க்கும்போது அவர் கண்ணில் வரும் கனிவு, பேரக்குழந்தைகளுக்குக்கூடக் கிடைத்ததில்லை. தெருவே இப்போது அதை நண்டு என்றுதான் சொல்கிறது. ஆன்டெனா வெளியே தெரியாத ரவுட்டரை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. "உள்ளுக்குள்ள இருக்கு அண்ணா" என்று யாராவது சொன்னால், "உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று மடக்குவார். சிக்னலுக்குத் தெரியும் என்று பதில் சொல்லலாம்தான். ஆனால் அவர் வாங்கி வந்த பழம்பொரியை வாயில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

அடுத்தது, பெட்டியின்மேல் போட்ட எண். ஏசி 1200 என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அண்ணனுக்கு அது குதிரைத்திறன். உண்மையில் அது ஒரு கூட்டல் கணக்கு: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 300 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸுக்கு 867, மிச்சத்தை முழுசாக்கி 1200. இரண்டுமே ஏட்டுக் கணக்கின் உச்சவரம்பு. அந்த ரகப் பெட்டியில் உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஓர் அலைவரிசையில்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கூட்டுத்தொகை யாருக்கும் கைக்கு வராது. கூத்து இருப்பது பெட்டியின் முதுகில். மலிவான 1200 பெட்டிகள் பலவற்றில் கேபிள் செருகும் துளை நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டாது. வீட்டுக்காரர் 300 மெகாபிட் பிளானுக்கு மாசாமாசம் பணம் கட்டுவார். வாசலில் 200 திரும்பிப் போய்விடும். துளை கிகாபிட்டா என்று அண்ணன் பார்ப்பதில்லை. முதுகுப்பக்கம் ஆன்டெனா இல்லையே, அங்கே அவருக்கு என்ன வேலை?

வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? அண்ணனிடம் இதற்கு ஒரே விடைதான்: ஹாலில், ஷோகேஸில். சந்தன யானைக்கும் ஆழிமலை சிவனின் சின்ன உருவத்துக்கும் நடுவில், பின்னால் கண்ணாடி பதித்த தட்டில் நண்டு குடியேறும். வருகிறவர்கள் பார்க்க வேண்டுமே. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அது சிக்னலைத் திருப்பி அடிக்கும் என்பதெல்லாம் அப்புறம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இரண்டு வெட்டுக்கல் சுவர், ஒரு ஃபிரிட்ஜ். ஹாலுக்கும் மாடிக்கும் நடுவே கான்கிரீட். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞ்ஞத்தைத் தாக்கியதைச் சொல்லும் சீவரமங்கலச் செப்பேடு, கடலை அகழியாகவும் உயர்ந்த மதில்களைக் காவலாகவும் கொண்ட ஊர் என்று இதை வர்ணிக்கிறது. அந்த மதிலை அவன் தாண்டிவிட்டான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு எங்கள் தெருவின் அடுக்களைச் சுவரே தாண்ட முடியாத கோட்டை. 2.4 தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். தெருவில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும். இணையம் அடிப்படை உரிமை என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. மாடி பெட்ரூமுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

2025 மே 2-ம் தேதி பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்த எங்கள் ஊர்ப் புதுத் துறைமுகத்தில், யார்டு கிரேன்களை உள்ளூர்ப் பெண்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வேலையில் இருக்கும் பெண் அண்ணனின் தெருவில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

"அண்ணா, அங்க கண்டெய்னரையே ரூமுக்குள்ள இருந்து நகர்த்துறேன். இங்க ஹால்ல இருக்கிற நெட்டு அடுக்களைக்கு வரமாட்டேங்குதே?"

"எட்டு ஆன்டெனா உள்ளது ஒண்ணு வந்திருக்கு மோளே."

"அதுக்குப் பதிலா ஒரு கேபிள் இழுத்து, உள்ள இன்னொரு சின்னப் பெட்டி வெச்சா போதாதா?"

அண்ணன் கொஞ்சநேரம் கூரையைப் பார்ப்பார். "கம்பி இழுக்கறதுன்னா பின்ன எதுக்கு வயர்லெஸ்ஸு?" என்று கேட்டுவிட்டு, சாயா ஆறிப்போச்சு என்று எழுந்து போவார். அவள் கேட்டதுதான் சரி. சுவர் கனமாக உள்ள வீட்டில் ஒரு பெரிய ரவுட்டரைவிட, கேபிளில் கோர்த்த இரண்டு சாதாரண ரவுட்டர்கள் நன்றாக உழைக்கும். இந்த ரகசியம் கேபிள்காரப் பையனுக்கும் தெரியும். ஏணியைச் சைக்கிளில் சாய்த்து வைத்துவிட்டு போஸ்டில் ஏறுகிற பையன். அவனை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அவனுக்கும் சொல்ல நேரமில்லை.

கடவுச்சொல் விஷயத்தில் அண்ணன் ஒரு சோஷலிஸ்ட். தான் வைத்துக் கொடுக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரே கடவுச்சொல்தான்: தன் பெயர், அதற்கு அப்புறம் 123. "மறந்தா எங்கிட்ட கேக்கலாம்ல?" கேட்க வேண்டிய தேவையே இல்லை; பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த மதிலில் சாய்ந்து நின்றாலும் அவர்கள் போனில் நெட் தானாக வந்துவிடுகிறது. ரவுட்டரின் உள்வாசலோ கம்பெனியிலிருந்து வந்தபடியே அட்மின், அட்மின் என்று திறந்து கிடக்கும். இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் 2016-ல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கில் வளைத்துப் பிடித்து ஏவல் செய்ய வைத்தது. அந்தப் படை தாக்கியதில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களே ஒரு நாள் மணிக்கணக்கில் முடங்கின. அண்ணனிடம் இதைச் சொன்னால், "நம்ம ரவுட்டர் அமெரிக்கா வரைக்கும் எட்டுமா?" என்று பெருமையோடு கேட்பார். மென்பொருள் அப்டேட்டும் அவருக்கு ஆகாது. "ஓடற எஞ்சினைத் திறக்கக் கூடாது." ரவுட்டர் வாங்கும்போது அந்தக் கம்பெனி இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் தரும் என்று கேட்பதுதான் அறிவாளி செய்கிற காரியம். அந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரரும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

எதிர்க்கட்சியும் உண்டு. கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குப் போய்வரும் பையன்கள். கம்பெனி போட்ட மென்பொருளைத் துடைத்துவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றுவார்கள். லாட்வியாவிலிருந்து வரும் மைக்ரோடிக் ரவுட்டர் என்பார்கள். வீட்டு நெட்வொர்க்கை நாலாகப் பிரிப்பார்கள். எல்லாம் கச்சிதம். பையன் ஷிஃப்டுக்குப் போன பிறகு டி.வி. மட்டும் எந்தப் பிரிவில் இருக்கிறதென்று தெரியாமல் நிற்கும். அம்மா அண்ணனைத்தான் கூப்பிடுவாள். அண்ணன் வந்து பின்பக்கம் ஒரு குச்சியை விட்டு ரீசெட் பொத்தானை அழுத்துவார். பையனின் இரண்டு மாத உழைப்பு பத்து நொடியில் கரைந்துபோகும். டி.வி. ஓடும்.

இத்தனை சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அண்ணனுக்கு உண்மையிலேயே ஒரு வித்தை தெரியும். அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

துலாமாத இடி வந்த மறுநாள் போய்ப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையிலும் சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் கேரளத்தில் இடி பேயாட்டம் ஆடும். மத்தியானம் 2 மணி முதல் ராத்திரி 10 மணி வரை மின்னல் அதிகம், மின்சாதனங்களின் பிளக்கைக் கழற்றி வையுங்கள் என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் வருஷா வருஷம் சொல்கிறது. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் ஓடாது. ஆனால் கரண்ட் வயரில் ஓடும்; போஸ்டிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக வைத்த இரும்புக் கம்பியிலும் ஓடும். அதோடு கடற்காற்றின் உப்பு. வெளிப்பக்க ஜன்னலோரம் வைத்த பிளக்கின் முனை பச்சை பூத்துவிடும். அதோடு கரண்ட் கட். 1991-ல் கடலலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக் காட்டிய ஊர் இது, சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் சோதனை நிலையம் இங்கேதான் இருந்தது. நிலையம் நின்றுபோனது. அலை நிற்கவில்லை, கரண்ட் போவதும் நிற்கவில்லை.

மறுநாள் தெருவில் பாதி ரவுட்டர் செத்துக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் புதிது வாங்கக் கிளம்புவார்கள். அண்ணன் அப்போது ஆன்டெனாவை எண்ண மாட்டார். பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கிக்கொண்டு வருவார். அதில் இதுவரை அந்தத் தெருவில் செத்த ரவுட்டர்களின் அடாப்டர்கள் அத்தனையும் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, எறும்பு எழுத்தை வாசிப்பார். "இது 9 வோல்ட். போடாத. இது 12 வோல்ட், ஒண்ணரை ஆம்பியர். போடு." பச்சை விளக்கு எரியும். செத்தது ரவுட்டர் இல்லை, அதன் அடாப்டர். அரைமணி நேரத்தில் நாலு வீட்டுக்குப் புது ரவுட்டர் செலவு மிச்சம். நன்றி சொன்னால், "அது சும்மா அடாப்டர்" என்று கையை உதறுவார். நாள் பூராவும் நண்டைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற மனுஷர், தனக்குத் தெரிந்த நல்ல விஷயத்தைச் சொல்ல மட்டும் கூச்சப்படுகிறார்.

ஆகவே, விழிஞ்ஞம் பக்கம் வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன் வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆன்டெனாவைப் பற்றி அவர் பேசும்போது தலையாட்டுங்கள். கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எட்டாவிட்டால் மட்டும் இன்னொன்று வாங்குங்கள். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை நண்டு வாங்க வைத்த காசில் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். அண்ணன் கேட்டைத் தாண்டிய உடனே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வானம் உறுமினால் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய அடாப்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவர் பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள்.