ஒற்றை வெங்காய நீராகாரம்: தாமிரபரணிக் கரையின் வீட்டு வடிப்பு குறித்து ஓர் ஆய்வு

நீராகாரம் என்பது இரவு மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, விடியும்வரை புளிக்கவிட்டு, காலையில் வடித்து உப்பிட்டுக் குடிக்கும் பானம். இதற்கு வேண்டியவை நான்கு: மீந்த சோறு, தண்ணீர், பானை, பொழுது விடிதல். நான்காவது தானாக நடந்துவிடும், முதலாவதுதான் சந்தேகம். வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சோறு மீந்ததாக வரலாறு இல்லை. ஆகவே அங்கெல்லாம் உலை வைக்கும்போதே ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போடுவது வழக்கம். அவ்வாறு திட்டமிட்டு மீத்த சோற்றை மீந்த சோறு என்று கொள்ளலாமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதமே தொடங்கவில்லை.

வீட்டில் புளிக்கவைக்கும் பானங்களில் உலகின் கவனத்தைப் பெற்றது ஆங்கிலேயரின் பீர். அதில் எளிமையானது ஒரே வகை ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சுவது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூ. பீருக்குக் கசப்பும் மணமும் அதுதான் தருகிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுமார் 66 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸுடன் இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து ஓரிரு வாரம் புளிக்கவிடுவார்கள். பிறகு புட்டியில் அடைத்து மேலும் இரண்டு வாரம் காத்திருப்பார்கள். ஃபகிள், கோல்டிங் போன்ற ஹாப்ஸ் வகைகளில் ஒன்றை மட்டும் போட்டால் அதன் குணம் நாக்கில் தனியே தெரியும் என்பது இம்முறையின் தத்துவம்.

இப்பானத்தை நெல்லையில் அப்படியே செய்துபார்ப்பதில் மூன்று இடையூறுகள் உள்ளன. ஆங்கில ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரி வெப்பத்தை விரும்பும். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் அந்த வெப்பமுள்ள அறையைத் தேடுபவர் மாஞ்சோலைக்குத்தான் மலையேற வேண்டும். ஹாப்ஸ் இந்தியாவில் விளைகிறது, ஆனால் இமாச்சலத்து லாஹுல் பள்ளத்தாக்கில். மூன்றாவது இடையூறு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். பிரிட்டனில் வீட்டு பீருக்கான உரிமக் கட்டாயம் 1963இல் நீங்கியது. இங்கே அப்படி எதுவும் நீங்கவில்லை. பனைமரம் தானாகவே சுரந்து தானாகவே புளித்துத் தரும் கள்ளும் 1987 முதல் தடையில் இருப்பதால் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. எஞ்சுவது நீராகாரம்.

இதன் தொன்மை எளிதில் நிறுவத்தக்கது. தாமிரபரணிப் படுகையிலுள்ள சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. நெல் இருந்திருக்கிறது, பானை இருந்திருக்கிறது, பக்கத்தில் ஆறும் ஓடியிருக்கிறது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளாவது சோறு மீந்திருக்காது என்று வாதிடுவோர்தான் சான்று காட்ட வேண்டும். அதே 2021இல் ஆஸ்திரேலியாவின் மாஸ்டர் செஃப் இறுதிச் சுற்றில் கிஷ்வர் சவுத்ரி என்ற வங்காள வம்சாவளிப் பெண் தங்கள் ஊர்ப் பழைய சோற்றைப் பரிமாறி மூன்றாம் இடம் பெற்றார். மொத்தத்தில் அது பழையதுக்கு நல்ல ஆண்டு.

இனி மூலப்பொருள். கார், பிசானம் என்னும் இரு போகங்களில் விளையும் நெல்லில் இவ்வட்டாரத்தார் பெரிதும் நம்புவது அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16. குண்டு அரிசி, இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் உருக்குலையாது. ஆனால் சோறு வடித்த சோறாக இருக்க வேண்டும். குக்கர் சோறு கஞ்சியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால் காலையில் பசை போலாகிவிடும். சுவரொட்டி ஒட்டுவோருக்கு உதவலாம்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பீர் புகழ்பெற்றதற்கு அங்கே கிணற்று நீரில் கரைந்திருந்த ஜிப்சம் காரணம் என்று வேதியியலார் கண்டறிந்தனர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்கும் இத்தகைய புகழ் உண்டு. ஆனால் அதை அல்வா வாங்கிக்கொண்டுவிட்டது. திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குக் காரணம் கேட்டால் யாரும் நெய்யைச் சொல்வதில்லை, ஆற்றுத் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். நெய் மிதக்கும் பண்டத்துக்கே தண்ணீர்தான் காரணம் என்றால், பெரும்பகுதி தண்ணீரேயான நீராகாரத்துக்கு எவ்வளவு பங்கு சேர வேண்டும் என்பது கணக்குத் தெரிந்தவர் எவருக்கும் விளங்கும்.

பானை மண்பானையாக இருப்பது நலம். காருகுறிச்சிப் பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது. நேற்றைய புளிப்பின் நுண்ணுயிர்கள் அதே துளைகளில் தங்கி இன்றைய வேலையைத் தொடங்கிவைக்கின்றன. பீர் காய்ச்சுவோர் ஈஸ்டைப் பொட்டலமாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நெல்லை வீடுகளில் பானையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இருந்தாலே போதுமானது.

செய்முறையில் கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான்: சோறு நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் கொழகொழத்துப் போகும். சோறு முங்கி அதற்கு மேல் நாலு விரற்கடை தண்ணீர் நிற்பது அளவு. மூடி வைத்துவிட்டால் மனிதர் செய்ய வேண்டியது அதோடு முடிந்தது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைத் தின்று அமிலத்தை உண்டாக்கும், புளிப்பு ஏறும். காலையில் மூடியைத் திறந்தால் மேலே மெல்லிய வெண்படலமும் ஓரத்தில் சிறு குமிழிகளும் தெரியும். மூக்கில் மோர்வாசனையை ஒத்த ஒன்று ஏறும். நாற்றமடித்தால் பாக்டீரியா ஆள் மாறிவிட்டது என்று பொருள், கொட்டிவிட வேண்டும். அடுத்து, வெறுங்கையை உள்ளே விட்டுச் சோற்றைப் பிழிந்து ஒருபக்கம் ஒதுக்கி, தண்ணீரைச் சொம்பில் வடிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பேரப்பிள்ளை யாராவது கரண்டியோடு வந்தால், “ஏல, அகப்பைய எல்லாம் போடாத, கைய விட்டுக் கரைச்சாத்தாம்ல ருசி” என்று ஆச்சியின் குரல் அடுக்களையிலிருந்து வரும். ஆய்வுலகம் இதற்கு மறுப்பு எதையும் வெளியிட்டதில்லை.

ஹாப்ஸின் இடத்தை வகிப்பது கடித்துக்கொள்ளும் பொருள். மோர் மிளகாய், சுண்டைவற்றல், காணத் துவையல், சுட்ட கருவாடு, முந்தின நாள் குழம்பைச் சுண்டவைத்த சுண்டக்கறி எனத் தகுதியுடையவை பல இருப்பினும், ஒரு வேளைக்கு ஒன்றுதான் என்பதில் கறாரானவர்கள் உண்டு. இரண்டு சேர்ந்தால் புளிப்பின் நுணுக்கம் அடிபட்டுப்போகும். அனைத்திலும் தலையாயது சின்ன வெங்காயம். அதைக் கத்தியால் நறுக்குவது பிழை. உள்ளங்கையால் ஒரு குத்து குத்தி நசுக்க வேண்டும். வெங்காயத்தின் திசு உடையும்போதுதான் அதிலுள்ள நொதி கந்தகச் சேர்மங்களை விடுவித்துக் காரத்தை எழுப்புகிறது. நசுக்கினால் கூடுதல் திசு உடைகிறது.

வெங்காயத்தை எப்போது சேர்ப்பது என்பதில் இரு பள்ளிகள் நிலவுகின்றன. இரவே தட்டிப் பானையில் போடுவது ஒன்று. காலையில் சொம்பைக் கையில் எடுத்த பின் கடிப்பது மற்றொன்று. பீரிலும் இப்பிரிவு உண்டு: கொதி தொடங்கும்போதே போட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும், இறக்கும் தறுவாயில் போட்டது மணத்தைத் தரும். இரவுப் பள்ளியாரின் நீராகாரத்தில் காரம் தண்ணீரெங்கும் பரவியிருக்கும்; ஆனால் வெங்காயம் துவண்டு பல்லுக்கு வேலை இராது. காலைப் பள்ளியாருக்கு நறுக்கென்று கடிபடும் சுகம் உண்டு; அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அச்சுகம் இல்லை. தரவுகளைச் சீர்தூக்கினால் காலைப் பள்ளியே வலுவானது; பக்கத்து நாற்காலி இவ்வாய்வில் கணக்கில் கொள்ளப்படவில்லை.

குடித்தபின் வரும் தூக்கம் தனி ஆய்வுக்குரியது. சாராயச்சத்து இதற்குக் காரணமாகாது. அது இருந்தாலும் சொற்பமே. சொம்பு தண்ணீருக்குப் பின் பிழிந்த சோற்றையும் தயிர் விட்டு ஒரு கும்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் எந்தச் சத்தும் இல்லாமலே தூக்கம் வரும்.

பீருக்கு அறிஞர் பஞ்சம் இருந்ததில்லை. பாஸ்டர் 1876இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கின்னஸ் ஆலையில் வேலைபார்த்த கோசெட் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட புள்ளியியல் சோதனை இன்றும் பாடத்தில் இருக்கிறது. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909இல் வகுத்த சோரன்சென் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்துக்காரர். நீராகாரமோ தன் பி.எச். எவ்வளவு என்பதையே பீர்க்காரரின் அளவுகோலைக் கடன் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியார் குடல்நோய்களுக்காகப் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்திருப்பது ஒரு தொடக்கம்; வெங்காயப் பிரச்சினைக்கு அங்கும் தனித்துறை இல்லை.

சேமிப்பைப் பொறுத்தவரை பீர் மாதக்கணக்கில் தாங்கும். நீராகாரத்தின் ஆயுள் ஒரு காலைப்பொழுது. ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பு நின்றுவிடும், வெளியே வைத்தால் மீறிவிடும். பதினொரு மணிக்கு மேலும் பானையில் கிடப்பது கழனித் தொட்டிக்குப் போகும். மாடுகள் வெங்காயம் கேட்பதில்லை.