தகுதிச் சான்று: 10 லட்சம் மட்டும்

நர்சிங் பாடத்திட்டத்தில் நம் நாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிட்டது. எட்டு செமஸ்டர், கிரெடிட், திறன் அடிப்படையிலான கல்வி, சிமுலேஷன் ஆய்வுக்கூடம், மாணவி கையால் செய்ததையெல்லாம் குறித்துவைக்க லாக்புக். விதிமுறைப்படி கல்லூரிக்கு 100 படுக்கை மருத்துவமனை, பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். படித்துப் பார்த்தால், நமக்கே காய்ச்சல் வந்து அந்த வார்டில் படுத்துக்கொள்ள மாட்டோமா என்றிருக்கும்.

மத்தியப் பிரதேசத்துக் கல்லூரி முதலாளிகள் பலரும் இந்தப் பாடத்திட்டத்தை மனமார ஏற்றுக்கொண்டார்கள். கட்டடம், கட்டில், நோயாளி, ஆசிரியர் ஆகிய நான்கை மட்டும் தவிர்த்துக்கொண்டார்கள். ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததாகப் புகார் எழுந்தது. ஆறுமுகனுக்குக்கூட உடம்பு ஒன்றுதான். இவர்கள் அவனையும் மிஞ்சிவிட்டார்கள்.

விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆய்வு செய்யும் பொறுப்பு சி.பி.ஐ.யிடம் வந்தது. 308 கல்லூரிகளைப் பார்த்து, 169 தகுதியானவை என்று அறிக்கை கொடுத்தார்கள். நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. 2024 மே மாதம், அந்த ஆய்வுக்குப் போன தன் இன்ஸ்பெக்டரையே சி.பி.ஐ. போபாலில் கைது செய்தது. நல்ல அறிக்கைக்காக 10 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு.

இதை ஊழல் என்பவர்களுக்குக் கல்வியியல் தெரியாது. திறன் அடிப்படையிலான மதிப்பீடு என்றால் இதுதான்: கொடுக்கத் திறன் உள்ளவருக்குத் தகுதி உண்டு. அந்த 169 கல்லூரிகளையும் மறுபடி பார்க்கச் சொன்னது நீதிமன்றம். இந்த முறை கூடவே நீதித் துறை அதிகாரி, கூடவே வீடியோ. கட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போலீஸ், போலீஸைப் பார்க்க நீதிமன்றம், எல்லோரையும் பார்க்கக் கேமரா. கேமராவை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.

இதற்கிடையே, 2020-21-இல் சேர்ந்த பிள்ளைகள் முதலாம் ஆண்டுத் தேர்வு எழுதவே வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். கட்டணம் மட்டும் எந்த விசாரணைக்காகவும் காத்திருக்கவில்லை.

அய்யா மதிப்பீட்டாளர்களே, ஒரு நாள் ஃபைலை மூடி வைத்துவிட்டு ஒரு மாணவியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரே நரம்பில் ஏற்றலாமா? ஏற்றினால் நோயாளியின் இதயம் நின்றுவிடும் என்று அவளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? பிரசவம் முடிந்தும் ரத்தம் நிற்காத தாயிடம் முதலில் கை எங்கே போக வேண்டும்? கர்ப்பப்பையைத் தேய்த்து இறுக வைக்க வேண்டும் என்று தேர்வில் எழுதிவிடுவாள். ஒரே ஒரு வயிற்றையாவது தொட்டுப் பார்த்திருக்கிறாளா? நோயாளியே இல்லாத மருத்துவமனையில் எந்த வயிற்றைத் தொடுவாள்? லாக்புக்கில் மட்டும் பிரசவங்கள் தவறாமல் நடந்திருக்கும். தாயும் சேயும் நலம், கையெழுத்தும் நலம்.

அந்தப் பெண்ணும் ஒரு நாள் வெள்ளை உடுப்போடு இரவு டியூட்டியில் நிற்பாள். கண்ணெதிரே ஒரு தாய் ரத்தம் வடிந்து சாவாள். கேஸ் ஷீட்டில் அவள் கையெழுத்து இருக்கும். வார்டு வாசலில் அடியும் அவளுக்கு, சஸ்பெண்டும் அவளுக்கு, வழக்கும் அவளுக்கு. முதலாளி அடுத்த ஊரில் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருப்பான்.

இனி ஒவ்வொரு நர்ஸின் சான்றிதழிலும் இன்னொரு பெயரையும் அச்சடியுங்கள்: அவள் படித்த கல்லூரியைப் பார்த்து ‘தகுதி’ என்று எழுதியவன் பெயர். அந்தத் தாயின் சாவுக்கான விசாரணை அவனிடமிருந்து தொடங்கட்டும்.