எங்கள் வீட்டில் மட்டும் நூறு சதவீதம்

2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட கொரோனா மண்டலப் பட்டியலில் தமிழ்நாட்டில் தொற்றில்லாத பச்சை மண்டலம் ஒன்றே ஒன்றுதான். அது கிருஷ்ணகிரி மாவட்டம். இதில் என் பங்கு ஒன்றுமில்லை. சாமல்பட்டியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் சென்னை, திருப்பூர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பட்டியலை அனுப்பினேன். "ஸ்கூல் திறந்தா முதல்ல நம்ம மாவட்டம்தான்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதே தெம்பில், மகளின் ப்ரீ கேஜி முதல் தவணையை யாரும் கேட்கும் முன்பே கட்டினேன். மே மாதம் பிறந்ததும் எங்கள் மாவட்டத்துக்கும் கொரோனா வந்தது. பச்சை போனது, பணமும் போனது.

பள்ளிகள் கட்டணம் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மாநில அரசு ஏப்ரல் 20-ஆம் தேதியே ஆணை போட்டிருந்தது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் விஷயமே.

ஜூலை 17-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் இடைக்கால உத்தரவு வந்தது. தனியார் பள்ளிகள் முந்தைய ஆண்டுக் கட்டணத்தில் 40 சதவீதத்தை ஆகஸ்ட் 31-க்குள் வாங்கலாம், பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள் 35 சதவீதம். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் இதை விளக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கிரானைட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், சதவீதம் என் துறை. "நாப்பதுக்கு மேல ஒரு பைசா கட்டாதீங்க" என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு முழங்கினேன். அன்று சாயங்காலமே பள்ளி ஆபீஸ் அம்மா போன் செய்தார். "சார், பாப்பா ஃபீஸ் மட்டும்தான் பெண்டிங்" என்றார், குரலில் அத்தனை கனிவு. "ஐயோ, மறந்தே போச்சும்மா" என்று சொல்லி இரண்டாம் தவணையை முழுசாக ஜிபேயில் அனுப்பினேன். நீதிமன்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. டீக்கடையிலும் இதை மூச்சு விடவில்லை.

பிறகு ஆன்லைன் வகுப்பு. மழலையர் வகுப்புக்கு ஒரு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டத்தான் என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதாவது முப்பத்தாறு வயதில் ப்ரீ கேஜி மாணவன் நான், என் ஃபீஸை நானே கட்டியிருக்கிறேன். மகள் திரையில் மிஸ்ஸைப் பார்த்ததும் போனுக்கு முத்தம் கொடுப்பாள், கன்னம் பட்டு அழைப்பு துண்டாகிவிடும். படுக்கைக்கோடு, சாய்கோடு போடச் சொல்லி ஒர்க்‌ஷீட் வரும். அவள் பென்சிலைத் தொடமாட்டாள். நான் இடது கையால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவேன். ஒருநாள் மிஸ் வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "நல்ல முயற்சி சார், பாப்பாவுக்குக் கை கொஞ்சம் நடுங்குது." அடுத்த முறை கவனமாகப் போட்டேன். இரண்டு ஸ்டார் வந்தது. அந்த மிஸ்ஸுக்கு முழுச் சம்பளம் வருகிறதா என்று ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆசிரியர் சம்பளத்தைச் சொல்லித்தானே கட்டணம் கேட்டார்கள்! கேட்கவில்லை. ஸ்டார் வாங்கியதோடு சரி.

வேன் கதை வேறு. பள்ளிக்கு வேன் ஓட்டும் அண்ணா எங்கள் பக்கத்து ஊர்க்காரர், சொந்த ஆம்னி, கடனில் வாங்கியது. ரிசர்வ் வங்கி தவணைக்குக் கொடுத்த அவகாசம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்தது. "ஓடாத வண்டிக்கு எதுக்குங்க காசு?" என்று நான் மனைவியிடம் நியாயம் பேசினேன். நடக்காத பள்ளிக்கு எதற்குக் காசு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை, பார்த்தாள். செப்டம்பரில் அதே ஆம்னி எங்கள் தெருவுக்கு வந்தது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ராயக்கோட்டைத் தக்காளியை கிரேட் கிரேட்டாக அடுக்கியிருந்தார். கண்ணாடியில் பள்ளிப் பெயர் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றேன். குறைத்தார். "பாப்பா எப்படி இருக்குது சார்?" என்று கேட்டு ஒரு கட்டு கொத்தமல்லியும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பேரம் பேசியதைப் பெருமையாகச் சொன்னேன்.

2021-ல் சதவீதங்கள் பெருகின. ஓசூரில் இருக்கும் மச்சான், பிள்ளையை எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் சேர்த்திருந்தார். கர்நாடக அரசு ஜனவரியில் டியூஷன் ஃபீஸில் 70 சதவீதம் போதும் என்றது. மே 3-ல் ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 15 சதவீதம் கழிக்கச் சொன்னது. ஜூலை 30-ல் நம் உயர் நீதிமன்றம், வருமானம் குறையாதவர்கள் 85, குறைந்தவர்கள் 75, ஆறு தவணையில் கட்டலாம் என்றது. ஆக, அத்திப்பள்ளி தாண்டினால் 70, டெல்லிக் கணக்கில் 85, சென்னைக் கணக்கில் என் போன்றவனுக்கு 75. சாமல்பட்டியில் எங்கள் வீட்டில் மட்டும் 100.

ஏனென்றால் 75 வேண்டுமானால் வருமானம் குறைந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குறைந்தது உண்மைதான், கம்பெனியில் பல மாதம் பாதிச் சம்பளம். ஆனால் அந்தப் பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் பையன் எங்கள் தெரு. அவன் கண்ணில் அந்தக் கடிதம் பட்டால் என் மானம் என்னாவது? மனைவியின் தோட்டை ஊத்தங்கரையில் அடகு வைத்து முழுத் தொகையும் கட்டினேன். அடகுக் கடையில் நின்றபோது அதே பையன் வந்தான், அவன் அம்மா சங்கிலியோடு. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

2022 பிப்ரவரி 16-ல் மழலையர் பள்ளிகள் திறந்தன. ப்ரீ கேஜியைப் பார்க்காமலே மகள் எல்கேஜியில் பாதிக்கு மேல் முடித்திருந்தாள். 2020 ஜூனில் பள்ளி சொன்னபடி வாங்கிய ஷூவில் அவள் கட்டைவிரல் மட்டும் நுழைந்தது. வேன் அண்ணா மறுபடி சீட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பழைய பாக்கியாக ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கவரில் பணம் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர், "சார், பெட்ரோல் ஏறிடுச்சு, மாசம் நூறு ரூபா சேத்துக் குடுங்க" என்றார்.

"நூறா? அம்பது வெச்சுக்கங்க அண்ணா" என்று ஆரம்பித்தேன். கவர் பையிலேயே இருந்தது. எழுபத்தைந்தில் முடிந்தது.